தோசைக்கல் என்றொரு ரயில் பெட்டி

முதல் நாள், வியாழன்

நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் வரிசையில் நின்று வெளியே வர இரண்டு மணி நேரம். சித்தப்பா காரோடு காத்திருந்தார். டிசம்பர் குளிர் காதைக் கடித்தது. "மஃப்ளர் கொண்டு வரலையாடா?" என்று கேட்டுவிட்டுத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். 1979-ல் வந்தவர், நகரின் குயின்ஸ் பகுதியில் இருக்கும் ஃப்ளஷிங்கை விட்டு நகரவே இல்லை.

நான் வந்தது ரயில் பார்க்க. சென்னைக்காரனிடம் சப்வே என்றால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதைதான் நினைவுக்கு வரும். இங்கே அது ரயில். சித்தப்பா வீட்டுப் பக்கம் ஓடுகிற 7-ம் நம்பர் வண்டி குயின்ஸில் பெரும்பாலும் தூண்மேல்தான் போகிறது, அதையும் சப்வே என்றே சொல்கிறார்கள்.

வீட்டில் எனக்கு ஒரு வழிகாட்டி தயாராக இருந்தான். தம்பியின் மகன், அதாவது சித்தப்பாவின் பேரன், ஏழாம் வகுப்பு. பெட்டியைத் திறப்பதற்குள் ஒரு நோட்டைக் கொண்டு வந்து மடியில் வைத்தான். நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்திருந்தான். இடது பக்கம் சர்க்கார் பெயர், வலது பக்கம் ரயில் பைத்தியங்கள் வைத்த பெயர். ஆர்-10: தண்டர்பேர்ட். ஆர்-11: மில்லியன் டாலர் டிரெயின். ஆர்-32: பிரைட்லைனர். ஆர்-40: ஸ்லாண்ட். பக்கம் பக்கமாகப் போகிறது.

"ஆர்-னா என்னடா?"

"கான்ட்ராக்ட் நம்பர், பெரியப்பா."

அவ்வளவுதான் விஷயம். நியூயார்க் நகரம் தன் சொந்தச் செலவில் ரயில் பாதை போட ஆரம்பித்தபோது, பெட்டி வாங்க 1930 வாக்கில் போட்ட முதல் ஒப்பந்தம் ஆர்-1. அதிலிருந்து இன்றுவரை எந்தப் பெட்டிக்கும் அது வாங்கப்பட்ட ஒப்பந்தத்தின் எண்தான் பெயர். பயணிகள் ஏறாத மற்றக் கொள்முதல்களுக்கும் அதே வரிசையில் எண் கொடுத்ததால் இடையிடையே எண்கள் விடுபடும். ஆர்-1, அடுத்து ஆர்-4, அப்புறம் 6, 7, 9. பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் பிரசவ ரசீது எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

இதைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. பெரம்பூரில் வளர்ந்தவன் நான். ஸ்லீப்பர் பெட்டியின் பக்கவாட்டில் டபிள்யூ.ஜி.எஸ்.சி.என் என்று எழுதியிருக்கும். அதை வாய்விட்டுச் சொன்ன ஒரு பயணியையும் நான் பார்த்ததில்லை.

சாப்பிடும்போது சித்தப்பாவிடம் கேட்டேன். "இத்தனை வருஷம் போய் வந்தீங்களே, 7-ல முன்னாடி ஓடின அந்தச் சிவப்பு வண்டியை ரெட்பர்ட்னு நீங்க சொல்வீங்களா?"

"எந்தச் சிவப்பு வண்டி? எங்களுக்கு அது செவன். செவன் வந்துடுச்சு, செவன் லேட்டு. அதுக்கு மேல என்ன பேரு?"

பேரன் தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டாம் நாள், வெள்ளி

பையனுக்குப் பள்ளிக்கூடம். நோட்டை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். 7-ல் ஏறி 74-ம் தெருவில் மாறி, எஃப் வண்டியில் புரூக்ளின் ஜே ஸ்ட்ரீட். அங்கிருந்து நடை.

நியூயார்க் டிரான்சிட் மியூசியத்தின் வாசலை முதல் தடவை தாண்டிப் போய்விட்டேன். அது மியூசியம் மாதிரி இருந்தால்தானே? ஷெர்மர்ஹார்ன் தெருவும் போரம் பிளேஸும் சேரும் முனையில், நடைபாதையில் ஒரு சாதாரண சப்வே படிக்கட்டு. கோர்ட் ஸ்ட்ரீட் என்ற நிஜ ஸ்டேஷன்தான் இது. 1936-ல் திறந்தார்கள், கூட்டமே வரவில்லை, 1946-ல் மூடிவிட்டார்கள். முப்பது வருஷம் சும்மா கிடந்த இடத்தில், அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டுக்காக 1976 ஜூலை 4 அன்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். அனுமதிக் கட்டணம் ஒரு சப்வே டோக்கன். கண்காட்சி முடிந்ததும் எடுத்துவிடுவதாகத்தான் இருந்தது. மக்கள் வந்துகொண்டே இருந்ததால் எடுக்கவில்லை.

மேல்தளத்தில் டோக்கன் போடும் பழைய கதவுகள், சுரங்கம் தோண்டிய கதை, சிறுவர்கள் ஓட்டிப் பார்க்கப் பேருந்து முகப்பு. அதையெல்லாம் வேகமாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். கீழேதான் நோட்டுக்கு வேலை. பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் பழைய பெட்டிகள் நிற்கின்றன, கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், எதில் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். தண்டவாளம் வெளியே ஓடும் பாதையோடு இன்னும் இணைந்திருக்கிறது. மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் உண்டு, இறங்காதே என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

பெயர்க் குழப்பம் புரிய வேண்டுமானால் ஒன்று தெரிய வேண்டும். 1940 வரை இங்கே மூன்று நிர்வாகங்கள். 1904-ல் முதல் சுரங்க ரயில் ஓட்டிய ஐ.ஆர்.டி. தனியார். புரூக்ளின் பக்கத்து பி.எம்.டி. தனியார். 1932-ல் நகரமே தொடங்கியது ஐ.என்.டி. ஐ.ஆர்.டி. சுரங்கம் குறுகல், அதன் பெட்டி அகலம் ஒன்பது அடிகூட வராது. மற்ற இரண்டிலும் பத்து அடி. பெயர் வைக்கும் முறையும் ஆளுக்கு ஒன்று.

பி.எம்.டி.க்காரர்கள் எழுத்தில் போனார்கள். ஏ, பி, மூன்று உடல் கொண்ட நீள வண்டிக்கு டி. அந்த டி-யைத்தான் ரசிகர்கள் டிரிப்ளெக்ஸ் என்கிறார்கள். மூன்று பெட்டிகளை மூட்டு வைத்து இணைத்து 137 அடிக்கு ஒரே உடலாக ஆக்கியது, 1925-ல் வந்தது. அதற்கும் முந்தைய மரப்பெட்டி ஒன்று நிற்கிறது. பெட்டியின் இரண்டு முனையிலும் திண்ணை மாதிரி இடம், அதில் இரும்புக் கிராதிக் கதவு. கண்டக்டர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்று கையால் இழுத்துத் திறக்க வேண்டும். அதன் பெயர் பி.யூ. என்ன பெரிய சங்கேதமோ என்று நினைத்தேன். புரூக்ளின் யூனியன் என்ற பழைய மேம்பால ரயில் கம்பெனியின் முதலெழுத்துகள். கம்பெனி போய்விட்டது, இரண்டு எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

ஐ.ஆர்.டி. பெட்டிகளின் பெயர்தான் எனக்குப் பிடித்தது. ஹை-வி, லோ-வி. வி என்றால் வோல்டேஜ். ஆரம்பத்தில் ஓட்டுநர் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் வரைக்கும் 600 வோல்ட் வந்தது. பிற்பாடு பேட்டரியிலிருந்து 32 வோல்ட் எடுத்து, அதை வைத்துப் பெரிய ஸ்விட்சுகளை இயக்கினார்கள். முன்னது ஹை-வி, பின்னது லோ-வி. பயணிக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஓட்டுகிறவனுக்கும் பழுது பார்க்கிறவனுக்கும் அது உயிர் சமாச்சாரம். அவர்கள் பேச்சில் கிடந்த பெயரை ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1939 உலகக் கண்காட்சிக்காக 1938-ல் செய்த 50 பெட்டிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. அதை வேர்ல்ட்ஸ் ஃபேர் லோ-வி என்கிறார்கள். கண்காட்சி நடந்தது ஃப்ளஷிங்கில், பெட்டிகள் ஓடியதும் சித்தப்பாவின் 7-ம் நம்பர் பாதையில்தான்.

ஆர்-11-இல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 1949-ல் பட் கம்பெனி செய்தது, மொத்தமே பத்துப் பெட்டி. ஒவ்வொன்றும் லட்சம் டாலருக்கு மேல், பத்தும் சேர்ந்து மில்லியனைத் தாண்டியது. அதனால் மில்லியன் டாலர் டிரெயின். கதவில் கப்பல் ஜன்னல் போல வட்டக் கண்ணாடி. உள்ளே காற்றிலிருக்கும் கிருமியைக் கொல்லப் புறஊதா விளக்குகூட வைத்திருந்தார்களாம். இரண்டாவது அவென்யூவில் போடப்போகும் புதுப் பாதைக்கு என்று செய்தார்கள். பாதையின் முதல் பகுதி திறந்தது 2017 ஜனவரி 1. ஆர்-11 அதற்கு நாற்பது வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. இடையில் 1960-களில் இதே பெட்டிகளைப் பிரித்துப் புதுப்பித்தபோது அந்த வேலைக்குத் தனி ஒப்பந்தம் போட்டார்கள். உடனே சர்க்கார் பெயரும் ஆர்-34 ஆகிவிட்டது. மாறவே மாறாது என்று நான் நினைத்த ஒப்பந்த எண் மாறியது, பத்திரிகைக்காரன் பாணியில் வந்த மில்லியன் டாலர் மாறவில்லை.

கடைசியாக 9306. 1964 உலகக் கண்காட்சிக்காகச் செய்த ஆர்-33எஸ். அதுவும் ஃப்ளஷிங்கில், அதுவும் 7-ம் நம்பர் பாதைக்கு. மேலே வெளிர் வெள்ளை, கீழே வானத்து நீலம். இந்த நிறத்தால் ப்ளூபேர்ட். 40 பெட்டிகள்தான் இந்த ரகம். ஒற்றைப் பெட்டிகள், ஜோடி கிடையாது. ஆர்-36 என்ற ரகத்தில் ஜோடி ஜோடியாகப் பத்து, கூட இந்த ஒற்றை ஒன்று, ஆக 11 பெட்டி சேர்த்து ஓட்டினார்கள்.

இரவு வீடு திரும்பி சித்தப்பாவிடம் செல்போனில் படங்களைக் காட்டினேன். நீல நிறத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் வந்த காலத்தில் நீலம் போய்விட்டது. 80-களின் தொடக்கத்தில் வண்டிகளுக்கு முழுக்க வெள்ளையடித்து, 7-ம் நம்பர் வண்டிகளை நிறுத்தும் கொரோனா யார்டைச் சுற்றி இரட்டை வேலி போட்டு, நடுவில் நாய்களை விட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. பெட்டிகளில் கிராஃபிட்டி என்று சாயத்தால் கிறுக்குகிறவர்களைத் தடுக்க. அந்த வெள்ளை வண்டிகளுக்கும் கிரேட் ஒயிட் ஃப்ளீட் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு என்று பேரன் இடையில் சொன்னான். தாத்தா கண்டுகொள்ளவில்லை, அடுத்த படத்துக்குப் போனார். பெட்டியின் உட்புறம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், மேலே கூரையைக் காட்டினார்.

"ஃபேன்! இது தோசைக்கல்லுடா!"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.

விஷயம் இதுதான். ஜோடிப் பெட்டிகளுக்கு ஏ.சி. வைத்தார்கள். இந்த ஒற்றைப் பெட்டிக்குக் கடைசிவரை வைக்கவில்லை, மின்விசிறிதான். அதனால் ஜூலை மாதத்தில் 11 பெட்டி வண்டியில் ஒன்று மட்டும் கொதிக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. பிளாட்பாரத்தில் வண்டி வந்து நிற்கும்போது ஒரு பெட்டியில் மட்டும் உட்கார இடம் இருக்கும். புதிதாக வந்தவன் அதிர்ஷ்டம் என்று ஓடிப்போய் ஏறுவான், கதவு மூடும். சித்தப்பாவும் அவரோடு வேலைக்குப் போன மூன்று தமிழர்களும் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் தோசைக்கல். ஊரிலிருந்து யாராவது புதிதாக வந்தால் வேண்டுமென்றே அதில் ஏற்றிவிடுவார்களாம்.

"அப்போ உங்களுக்கும் பேர் இருந்திருக்கு" என்றேன்.

"வண்டிக்கு இல்லை. எந்தப் பெட்டியில ஏறக் கூடாதோ அதுக்கு மட்டும்."

பையன் நோட்டை வாங்கி, ஆர்-33எஸ்-க்கு எதிரே ப்ளூபேர்ட் என்று இருந்த இடத்துக்குக் கீழே தோசைக்கல் என்று தமிழில் எழுத முயன்றான். 'ல்' எழுத்தில் புள்ளி விட்டுப்போனது. சித்தப்பா வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள், சனி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். காலையில் பையன் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டான். ப்ளூபேர்ட் என்று நான் எழுதியது இரண்டாவது ப்ளூபேர்டாம். முதல் ப்ளூபேர்ட் பி.எம்.டி.யுடையது, 1938-க்கும் 1940-க்கும் நடுவில் கிளார்க் என்ற கம்பெனி செய்தது, கம்பெனிக் காகிதத்தில் அதன் பெயர் கம்பார்ட்மென்ட் கார். 50 கேட்டிருந்தார்கள். 1940-ல் நகரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டதும் ஆர்டரை ரத்து செய்தது. சோதனை வண்டியோடு சேர்த்து வந்தது ஆறுதான், இன்று ஒன்றுகூட இல்லை. "ப்ளூபேர்ட்னு மட்டும் எழுதினா எது-ன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். ஒப்பந்த எண்ணைக் கண்டுபிடித்தவன் இதற்காகத்தான் கண்டுபிடித்திருப்பான் போல. நூறு வருஷத்தில் பறவைகளும் நிறங்களும் தீர்ந்துபோகும், எண் தீராது.

இன்று பழைய வண்டியில் பயணம். டிசம்பர் சனிக்கிழமைகளில் 1930-களின் பெட்டிகளை எடுத்து, மன்ஹாட்டனில் செகண்ட் அவென்யூவுக்கும் 145-ம் தெருவுக்கும் இடையே வழக்கமான டிக்கெட்டிலேயே ஓட்டுகிறார்கள். சித்தப்பா முதலில் வரமாட்டேன் என்றார். "ஓடுற ரயில்ல ஏற அறுபத்தெட்டு பிளாக் தள்ளிப் போகணுமா?" பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார்.

செகண்ட் அவென்யூ பிளாட்பாரத்தில் பாதிப் பேர் வேஷம் கட்டியிருந்தார்கள். தொப்பி, பழைய கோட்டு, பெண்கள் சின்ன வலை வைத்த தொப்பியும் கையுறையும். மீதிப் பேர் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் வைத்திருந்தார்கள். ஒலிப்பதிவு எதற்கு என்று ஏறின பிறகுதான் தெரிந்தது.

இந்த வண்டியின் சர்க்கார் பெயர் ஒன்றல்ல. ஆர்-1, ஆர்-4, ஆர்-6, ஆர்-7, ஆர்-7ஏ, ஆர்-9. பத்து வருஷத்தில் சுமார் 1,700 பெட்டி, கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒன்றோடு ஒன்று கோத்து ஓட்டலாம். இத்தனை எண்ணையும் யார் சொல்லிக்கொண்டிருப்பது? முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்து ஆர்-ஒன்-நைன் என்றார்கள், அதையும் தேய்த்து ஆர்னைன் என்று ஆக்கிவிட்டார்கள். ஆர்னைன் வருது, ஆர்னைன் போகுது. எழுதும்போதுகூட எண்ணை விட்டுவிட்டு ஒரு சொல்லாகவே எழுதுகிறார்கள். சர்க்கார் ஒரு பக்கம், ரசிகர்கள் ஒரு பக்கம் என்று நோட்டில் போட்ட கோடு இங்கே எந்தப் பக்கம் போகும்? பையனிடம் கேட்டேன். அவன் இரண்டு பக்கத்திலும் எழுதி வைத்திருந்தான்.

உள்ளே பிரம்பு முடைந்த இருக்கை. நம் வீட்டு ஈசிசேர் மாதிரி பழுப்பேறி, உட்கார்ந்தால் முனகுகிறது. மூடி இல்லாத குண்டு பல்புகள் வரிசையாக. நான்கு இறக்கை மின்விசிறி தலைக்கு மேலே, உயரமான ஆட்கள் கவனமாக நிற்க வேண்டும். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்து, "இது முழுக்க முழுக்கத் தோசைக்கல்" என்றார்.

வண்டி கிளம்பியது. முதலில் அடித்தொண்டையில் ஒரு உறுமல். வேகம் கூடக் கூட அந்த ஒலி சுதி ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் ஊளை. வேகம் குறையும்போது அதே படிகளில் இறங்குகிறது. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பல்சக்கரங்களின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அதனால் இந்தச் சத்தம். 1948-ல் வந்த ஆர்-10-இலிருந்து பல்சக்கர அமைப்பை மாற்றிவிட்டார்கள், பாட்டும் போய்விட்டது. பெட்டியில் யாரும் பேசவில்லை. எதிரே ஐம்பது வயது ஆள் ஒருவர் கண்ணை மூடி, ஒலிவாங்கியைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்கழிக் கச்சேரியில் முன்வரிசையில் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

59-ம் தெருவிலிருந்து 125 வரை நிற்காமல் ஓட்டம். ஜன்னல் திறந்திருந்ததால் சுரங்கத்துக் காற்று, இரும்புத்தூள் வாசனை. பக்கத்தில் சாதாரண வண்டி ஒன்று கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அதிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்து வாய்பிளந்தார்கள், ஒரு குழந்தை கையாட்டியது.

145-ல் இறங்கியதும் அந்த ஒலிப்பதிவு மனிதரிடம் பையன் போய்ப் பேச்சுக் கொடுத்தான். அவர் பெட்டியின் எண்ணைச் சொல்லித்தான் பேசினார், ரகத்தைச் சொல்லவில்லை. 1575 இப்படி, 484 அப்படி. 484-இல் 1946-ல் புது மாதிரி விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்துச் சோதித்தார்கள். 1575 அடுத்த வருஷம் ஆர்-10-க்கு முன்மாதிரியாக மாற்றிக் கட்டப்பட்டது. பட்டப்பெயர் சொல்வதெல்லாம் ஆரம்ப வகுப்பு போலிருக்கிறது. ரொம்பத் தெரிந்தவர்கள் மறுபடி எண்ணுக்கே போய்விடுகிறார்கள். எண் சொன்னாலே ஆள் தெரிகிற அளவுக்குப் பழக்கம்.

பையன் அவரிடம் தோசைக்கல் கதையைச் சொன்னான். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல அவன் பட்ட பாடு தனிக் கதை.

நான்காம் நாள், ஞாயிறு

இன்று காலை என் முட்டாள்தனம். கியூ கார்டன்ஸில், குயின்ஸ் நகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்தில், நிஜ ரெட்பர்ட் பெட்டி ஒன்று சுற்றுலாத் தகவல் மையமாக நிற்கிறது என்று ஊரிலேயே படித்துக் குறித்து வைத்திருந்தேன். எப்போது எழுதியது என்று பார்க்கவில்லை. பேரனிடமும் சொல்லவில்லை, அவனுக்கே ஆச்சரியம் காட்டலாம் என்று. ரயிலில் போய் இறங்கிக் குளிரில் கட்டடத்தைச் சுற்றி வந்தோம். பெட்டி இல்லை.

"பெரியப்பா, அதை 2022-லேயே ஏலம் விட்டுட்டாங்க" என்றான். வழியெல்லாம் தெரிந்தேதான் கூட வந்திருக்கிறான். நான் இவ்வளவு ஆசையாகக் கூட்டிப் போனதால் சொல்ல மனம் வரவில்லையாம்.

காலி இடத்தின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அவனிடமே கேட்டேன், ரெட்பர்ட் என்றால் எது எது என்று. இது ஒரு ரகத்தின் பெயர் அல்ல. 1980-களின் நடுவில் நியூயார்க் டிரான்சிட்டின் தலைவராக டேவிட் கன் வந்தார். கிராஃபிட்டியை ஒழிக்க ஒரு கரும் சிவப்புச் சாயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாயத்தின் பெயர் ஃபாக்ஸ் ரெட், ரசிகர்கள் வாயில் கன் ரெட். அந்தச் சிவப்பு அடித்த ஆர்-26, 28, 29, 33, 36 எல்லாமே ரெட்பர்ட் ஆகிவிட்டன. நீலப் பறவையாகப் பிறந்த பெட்டிகளும் சிவப்புப் பறவையாக மறுபிறவி எடுத்தன. கடைசி ரெட்பர்ட் 2003 நவம்பர் 3 அன்று ஓடியது, 7-ம் நம்பரில்தான்.

பிரைட்லைனர் விஷயத்தில் எனக்கு இருந்த ஒரு நினைப்பையும் திருத்தினான். அது ரசிகர் வைத்த பெயர் இல்லையாம். 1964-ல் 600 துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகள் வந்தபோது விளம்பரத்துக்காக விற்றவர்களே வைத்தது. நோட்டில் வலது பக்கம் இருப்பதெல்லாம் அன்பால் வந்த பெயர் என்று நினைத்திருந்தேன். சிலது சரக்கு விற்க வந்த பெயர். ஆனால் அந்தப் பெட்டிகள் 2022 ஜனவரிவரை ஓடின, ஐம்பத்தேழு வருஷம். அவ்வளவு நாள் உழைத்த பிறகு விளம்பரப் பெயரையும் மன்னித்துவிடலாம். ஸ்லாண்ட் அப்படியில்லை, பார்த்தவன் வைத்த பெயர். ஆர்-40-இன் முகத்தை ரேமண்ட் லோவியின் நிறுவனம் சாய்வாக வடிவமைத்தது. பார்க்க அழகு. சாய்ந்த இரண்டு முகங்கள் சந்திக்கும் இடத்தில் பெட்டி விட்டுப் பெட்டி தாண்டுகிறவர்களுக்கு ஆபத்தாகப் பெரிய இடைவெளி. பிறகு கம்பியும் கதவும் வைத்து அடைத்தார்கள். அடுத்த தொகுதிக்கு முகத்தை நேராக்கிவிட்டார்கள்.

மதியம் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன். சித்தப்பாவும் சித்தியும் நேராக அங்கே வந்துவிட்டார்கள். கோயில் போன் (Bowne) என்ற தெருவில் இருக்கிறது. 2022-ல் அந்தத் தெருவுக்கு கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று கூடுதல் பெயர் சூட்டிப் பலகை வைத்தார்கள். "நாங்க நாற்பது வருஷமா கோயில் தெருன்னுதான் சொல்றோம். இப்பத்தான் பலகையில வந்துச்சு" என்றார் சித்தி. தோசை வந்தது. பையன் தட்டைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான், இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சித்திக்கு இன்னும் காரணம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

தம்பிக்கு டெலவேர் பக்கம் வேலை, நானும் காரில் ஒட்டிக்கொண்டேன். பையனுக்குப் பள்ளிக்கூடம், கோபம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி இந்தியன் ரிவர் இன்லெட் வந்து சேர்ந்தோம். பெரிய பாலம், அதன் கீழே ஆறு கடலில் சேர்கிறது, பல்லைக் கிட்டும் காற்று.

இங்கே என்ன ரயில் என்று கேட்பீர்கள். கிழக்கே 16 கடல் மைல் தள்ளி, எண்பது அடி ஆழத்தில் 714 ரெட்பர்டுகள் கிடக்கின்றன. 2001 ஆகஸ்டில் போட ஆரம்பித்தார்கள். சக்கரம், கதவு, கண்ணாடி எல்லாம் கழற்றி, எண்ணெய் துடைத்து, வெறும் கூட்டை மட்டும் படகில் கொண்டுவந்து கடலில் தள்ளினார்கள். பெட்டிச் சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று சில மாநிலங்கள் வேண்டாம் என்றன, டெலவேர் வாங்கிக்கொண்டது. வெறும் மணலாக இருந்த கடலடியில் சிப்பி பிடித்தது, மீன் வந்தது. பிற்பாடு துருப்பிடிக்காத பிரைட்லைனர்களையும் வேறு இடங்களில் போட்டுப் பார்த்தார்கள். அவை கடலுக்குள் சீக்கிரமே சரிந்துவிழுந்தன, நியூஜெர்சி வாங்குவதை நிறுத்திக்கொண்டது. சாயம் பூசிய சாதா எஃகுதான் தாக்குப்பிடித்தது.

மாநில ஆவணத்தில் இந்த இடத்தின் பெயர் செயற்கைப் பவளத்திட்டு, தளம் எண் 11.

படகுத்துறையில் ஒருவர் தூண்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில், "தளம் 11 எந்தத் திசையில்?" என்று கேட்டேன். முழித்தார். "ரெட்பர்ட்?" என்றேன்.

"ரெட்பர்டா?" கையை நீட்டிக் கடலைக் காட்டினார். "அங்கே. டாடாக் மீனுக்குப் போறீங்களா? இந்தக் காத்துல இன்னைக்கு எவனும் கூட்டிட்டுப் போக மாட்டான்."

மீனுக்கு இல்லை, அந்த ரயில்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். இருபது வருஷமாக அங்கே போய் வருகிறாராம். அடியில் சப்வே பெட்டி என்று தெரியும், முழுசாக ஒன்றைப் பார்த்ததில்லை. செல்போனில் 9306-ஐ எடுத்துக் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெயில் படாமல் திருப்பிப் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"இது நீலமா இருக்கே" என்றார்.